பத்தாண்டு வட்டியும் ஒரு வலது முட்டியும்

வளைவக்கா என்றால் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. அங்கே முப்பத்தோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. அரசாங்கம் விற்கும் பத்திரங்களின் வட்டி எப்போது ஏற்றத்தை நிறுத்தி இறங்கத் தொடங்கும், எப்போது இறக்கத்தை நிறுத்தி ஏறத் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். யாராவது "இன்னைக்கு எப்படிக்கா?" என்று கேட்டால், "வளைவு இன்னும் வரலை" என்பாள். சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

குடியிருப்பில் அவள் பெயர் வேறு விதமாகக் கெட்டுப்போயிருந்தது. "வீட்டுல வட்டி பாக்கிற வேலை" என்று கணவர் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழ்வீட்டுக்காரர் அவளைக் கண்டால் பவ்யமாக ஒதுங்கி நின்றார். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்ல மாடி ஏறி வந்து, "நூத்துக்கு எவ்வளவு போடறீங்கம்மா?" என்று கேட்டார். அரைமணி நேரம் உட்காரவைத்து அவள் தன் வேலையை விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்குக் கடன் தர மனமில்லாமல்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறாள் என்ற முடிவோடு அவர் இறங்கிப் போனார்.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. எளிதில் பிடிபடுகிற வேலை இல்லை அது. அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்படும்போது பத்து வருடத்தில் திருப்பித் தருகிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பத்திரத்தைப் பலரும் கைமாற்றி விற்று வாங்குகிறார்கள். விலையும் வட்டியும் பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா மாதிரி. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். வட்டி உச்சியில் இருக்கும் நாளில் பத்திரம் மலிவாகக் கிடைக்கும். அன்றைக்கு வாங்கியவன் பத்து வருடத்துக்கு நிம்மதியாகக் காலை நீட்டலாம். அந்த உச்சி எந்த நாள் என்பதுதான் பிரச்சினை. உச்சியில் நிற்கும்போது அதுதான் உச்சி என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து சொல்வதற்குத்தான் வளைவக்காவுக்குச் சம்பளம்.

அவள் வேலை செய்யும் விதமும் தனி. காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறப்பதற்கு முன்பே செய்தித்தாளின் பதினோராம் பக்கத்து மூலையைப் பார்ப்பாள். பத்தாண்டுப் பத்திரத்தின் நேற்றைய வட்டி அங்கே அச்சாகியிருக்கும். பென்சிலைச் சீவிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைப்பாள். தாளோடு தாள் ஒட்டி அது ஜன்னலோரம் தொடங்கிக் கதவு வரைக்கும் வந்துவிட்டது. கணினியிலேயே வரைபடம் வருகிறதே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். கணினி தன் இஷ்டத்துக்கு அளவை மாற்றிக்கொள்ளும், நேற்று மலையாகத் தெரிந்தது இன்று மேடாகத் தெரியும், சுவருக்கு அந்தப் புத்தி கிடையாது என்பாள். இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைக்கிற பெரிய கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்குப் போக நூற்றுப்பன்னிரண்டு படிகள். பழைய கிரேன் என்பதால் லிஃப்ட் கிடையாது. முப்பத்துநாலு வருடம் ஏறி இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். மேலே தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே மறந்துவிட்டது என்று அவளே கேலி செய்வாள். ஆனால் பேசினால் ஒரு வார்த்தையானாலும் மனதில் நிற்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவள் உச்சி வந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொன்னாள். நிதி அவள் பேச்சை நம்பிப் பத்திரங்களை அள்ளி வாங்கியது. வட்டி அதற்குப் பிறகும் ஏழு மாதம் ஏறியது. வாங்கியதெல்லாம் விலை சரிந்தது. மேலாளர் அவளைக் கூட்டத்தில் நிற்கவைத்து, வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று சாயங்காலம் அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேலேருந்து பாக்கறப்ப பெரிய கப்பல் திரும்பறதே தெரியாது," என்றார். "நின்ன எடத்துலயே நிக்கற மாதிரி இருக்கும். திரும்பி முடிச்சப்புறம்தான், அடடா திரும்பிடுச்சேன்னு தோணும். கப்பலையே பாத்துட்டு இருக்கறவனுக்கே அப்படி. நீ என்ன பண்ணுவே?"

அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் அந்த நாளிலிருந்து ஒரு பயம் உள்ளே குடியேறிவிட்டது. முந்திச் சொல்லிவிடக் கூடாது, இரண்டு அடையாளம் சேர்ந்து தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள். அலுவலகத்துக்கு அது நல்லதாகப் போயிற்று. அடுத்து வந்த இரண்டு திருப்பங்களையும் பிசகாமல் சொன்னாள். கைதட்டு மேலாளருக்குக் கிடைத்தது.

கணவருக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்த வாரம் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி அறுபத்திரண்டு வரை எந்த நாள் வேண்டுமானாலும் அவராக ஓய்வு பெறலாம். ஓய்வுக் கடிதம் பதிவாகும் நாளில் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி எங்கே நிற்கிறதோ, அந்த விகிதத்தில்தான் மாத ஓய்வூதியம் கணக்காகும். ஒரு தடவை கணக்கானால் ஆயுள் முழுக்க அதே தொகைதான்.

அவர் கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார். "ஊருக்கெல்லாம் சொல்றே. எனக்கும் ஒரு தடவை சொல்லு. நான் எப்ப எறங்கட்டும்?"

வளைவக்காவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடத்தில் வீட்டில் ஒருவர் அவளுடைய வேலையைப் பற்றி அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துத் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். சிவப்புப் பேனாவால் முதல் புள்ளி. ஆறு புள்ளி ஒன்று.

"ஏறிட்டு இருக்குங்க. இப்பப் போய் எறங்கினா அநியாயம். உச்சிக்கு வரட்டும், நான் சொல்றேன்."

"நீ சொன்னா சரி."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அது ஒரு சடங்காகிவிட்டது. அவர் வந்து முகம் கழுவிக்கொண்டு, தேநீர்க் கோப்பையோடு அலமாரிக் கதவைத் திறந்து வைத்து நிற்பார். "இன்னைக்கு எங்க நிக்குது?" என்பார். அவள் புள்ளி வைப்பாள். ஏறியிருந்தால் பந்தயத்தில் தன் குதிரை முந்தியது போல "பரவாயில்லையே!" என்பார். ஒவ்வொரு கால் சதவீத ஏற்றத்துக்கும் மாதம் ஒரு நல்ல சட்டை வாங்கும் காசு கூடும் என்று அவள் கணக்குச் சொல்லியிருந்தாள். அதனால் வீட்டில் வட்டியைச் சட்டையில்தான் அளந்தார்கள். ஒரு வருடத்தில் ஏழு புள்ளி மூன்று ஆனது. "அஞ்சு சட்டைக்குக் கொஞ்சம் கம்மி," என்று அவர் துறைமுகத்தில் போய்ச் சொல்லிக்கொண்டார்.

அந்த ஒரு வருடம் காத்திருந்ததில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தப்பு. ஏழு புள்ளி மூன்றுக்கு வந்த வட்டி அங்கேயே குந்திக்கொண்டது. ஒரு வாரம் ஒரு இழை ஏறும், அடுத்த வாரம் ஒரு இழை இறங்கும். ஐந்து மாதம் இப்படியே போனது. புத்தியுள்ள யாரும் போதும் என்று எழுந்திருப்பார்கள். வளைவக்காவால் முடியவில்லை. ஒரு மலையில் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டு உச்சியைப் பார்க்காமல் திரும்புவது எப்படி? இந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. காசு ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஒரு புள்ளியைக் கையால் தொட்டுவிட வேண்டும் என்கிற வீம்பு.

வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வருவாள்.

"அம்மா, அப்பா உக்கார்றப்ப முகத்தைச் சுளிக்கிறாரு, பாத்தியா?"

"வயசாச்சுல்ல?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வயசாச்சு. எறக்கி விடு."

"இன்னும் ரெண்டு மாசம்டி. உச்சிய விட்டுட்டா ஆயுசுக்கும் போச்சு."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னே."

வளைவக்கா பேச்சை மாற்றினாள். அவரிடமே ஒரு தடவை, "முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டும் பார்த்தாள். "கிரேனுக்கும் வலிக்குது, எனக்கும் வலிக்குது. ரெண்டு பேரும் பழசு," என்று சிரித்துவிட்டார். அவளும் சிரித்துவிட்டாள்.

ஆறாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. விலைவாசி நினைத்ததைவிட மோசமாக ஏறியிருக்கிறது என்று காலையில் அரசாங்கம் அறிவித்தது. இப்படிச் செய்தி வந்தால் வட்டி துள்ளி ஏற வேண்டும். ஏறவில்லை. மதியம் வரை கண்கொத்திப் பாம்பாகத் திரையைப் பார்த்தாள். அசையவே இல்லை. கெட்ட செய்தி வந்தும் ஏறாத வட்டி களைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் அடையாளம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அரசாங்கம் புதுப் பத்திரங்களை ஏலம் விடுகிறது. அதில் ஆட்கள் போட்டி போட்டு வாங்கினால் இரண்டாவது அடையாளமும் சேர்ந்துவிடும். அதே நிமிடம் கடிதத்தைப் பதிந்தாக வேண்டும். அதற்கு அவருடைய கையெழுத்து முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தேதியை மட்டும் காலியாக விட்டு, படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் பேருந்து ஏறினாள். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் வீட்டிலேயே வாங்கியிருக்கலாம். அவ்வளவு பொறுமை அன்றைக்கு அவளிடம் இல்லை.

வாசலில் தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே அனுப்பினார்கள். கிரேனின் காலடியில் கொடிக்காரர் நின்றிருந்தார். ஒரு காலத்தில் கொடி அசைத்து மேலே இருப்பவருக்குச் சைகை காட்டிய ஆள். இப்போது கையில் வயர்லெஸ் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! உங்க வார்த்தைக்காகத்தான் நாங்க நாலு பேர் டெபாசிட் போடாம உக்காந்திருக்கோம். அண்ணன் தெனமும் நிலவரம் சொல்லிடுவாரு. உச்சி வந்தாச்சா?"

அவளுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. "கிட்டத்துல வந்துடுச்சு. அவர் எப்பக் கீழே வருவாரு?"

"வேலை முடியறப்பதான். நடுவுல எறங்கவே மாட்டாரு."

"ஒரு அவசரம்னா? எட்டு மணி நேரத்துல தண்ணி குடிச்சா..."

"தண்ணியே குடிக்க மாட்டாரும்மா." ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போல அவர் சாதாரணமாகச் சொன்னார். "குடிச்சா எறங்கணும். எறங்கினா மறுபடி ஏறணும். வலது முட்டி மடங்கறதே இல்லையே. எட்டு மாசமா இப்படித்தான். வெயில்ல அந்தக் கண்ணாடி அறை என்ன சூடு தெரியுமா? நாங்க திட்டிக்கூடப் பாத்துட்டோம்."

வளைவக்கா அண்ணாந்து அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். தினமும் காலையில் அவள்தான் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவருடைய பையில் வைப்பாள். தினமும் சாயங்காலம் அது நிரம்பித்தான் வரும். வரும்போது பிடித்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்து, ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கழுவி வைப்பாள். எட்டு மாதம் ஊற்றியிருக்கிறாள். ஒரு இழை ஏறினாலும் இறங்கினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால், ஒவ்வொரு நாளும் ஒரு பாட்டில் நிரம்பி வந்து நின்றது. அவள் கவனிக்கவில்லை. கவனிக்காமல் விட்டதற்கு ஒரு காரணமும் அவளிடம் இல்லை.

அவசரமாகப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் கொடிக்காரர் வயர்லெஸ்ஸில் சொன்னதும் மேலே கதவு திறந்தது. அவர் இறங்கத் தொடங்கினார். இடது காலை ஒரு படியில் வைத்து, வலது காலை மெல்ல இழுத்து அதே படிக்குக் கொண்டுவந்து, பிறகு மறுபடியும் இடது காலை வைத்தார். நடக்கப் பழகும் பிள்ளை மாடிப்படி இறங்குவது போல இருந்தது. படிகளுக்கு நடுவே நாலு இடத்தில் சின்ன மேடை இருந்தது. ஒவ்வொரு மேடையிலும் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தார். மூன்றாவது மேடையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. கடைசி மேடைக்கு வந்தபோது கீழே நிற்பது அவள்தான் என்று பார்த்துவிட்டார். உடனே நிமிர்ந்தார். அங்கிருந்து மிச்சமிருந்த படிகளை, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து, ஒன்றுமே இல்லாதவர் போல வேகமாக இறங்கி வந்தார். அந்தப் படிகளில் அவருடைய முகம் போன போக்கை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

"என்ன, உச்சி வந்துடுச்சா?" மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிரிப்பு.

பையில் படிவம் இருந்தது. ஏலத்துக்கு இன்னும் இரண்டே நாள். அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு வார்த்தை.

"தெரியலைங்க."

"என்னது?"

"உச்சி எப்ப வரும்னு எனக்குத் தெரியலை. வரலாம், வராமலும் போகலாம். நீங்க இன்னைக்கே எறங்கிடுங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "காலையிலகூட ஏதோ சேதி வருது, பாக்கணும்னு சொன்னியே? நல்லபடியா வரலையா?"

"நல்லபடியாத்தான் வந்துருக்கு."

"அப்புறம் என்ன? பத்து நாளோ பதினஞ்சு நாளோ. இத்தனை நாள் இருந்தவனுக்கு..."

"தண்ணி குடிக்காம இருந்தவருக்கு," என்றாள் அவள்.

அவர் கொடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கொடிக்காரருக்கு வானத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது, அண்ணாந்துகொண்டார்.

"எதுக்குங்க?" என்று கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முடியலைன்னு சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? சட்டைக்காகவா?"

"சட்டைய யாரு கேட்டா?" என்றார். கையிலிருந்த தொப்பியின் பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷமா நீ அடுத்தவங்களுக்கே சொல்றே. பலிச்சா மேனேஜருக்கு மாலை, பலிக்கலைன்னா உனக்குத் திட்டு. ஒரு தடவையாவது உன் கணிப்பு நம்ம வீட்டுக்கு வரட்டும்னு நெனச்சேன். என் பொண்டாட்டி சொன்னா, அதே நாள்ல எறங்கினேன்னு இவங்ககிட்ட எல்லாம் சொல்லணும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணும் இல்லை."

பெட்டிகள் ஏற்றும் லாரிகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்தார்கள். வளைவக்கா எதையும் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் தொப்பியோடு நடுச் சாலையில் நின்று ஓவென்று அழுதாள். தன் மேல் இவ்வளவு பிரியம் நூற்றுப்பன்னிரண்டு படிக்கு மேலே தினமும் எட்டு மணி நேரம் தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறது, தான் கீழே புள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதை இப்பவும் சொல்லலாமே. நான்தானே சொல்றேன்? இன்னைக்கு எறங்குங்கன்னு சொல்றேன்."

அவர் யோசித்தார். "இன்னைக்கா?"

"இன்னைக்கு."

"மேலே சாப்பாட்டு டப்பா இருக்கே."

"நான் எடுத்துட்டு வரேண்ணே!" என்று வானத்திலிருந்து இறங்கி வந்தார் கொடிக்காரர். அவர்கள் பதில் சொல்வதற்குள் பாதிப் படி ஏறிவிட்டார்.

பதிவு அலுவலகம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட, காலியாக விட்டிருந்த தேதியை அவள் தன் கையால் நிரப்பினாள். அன்றைய வட்டி ஏழு புள்ளி நாலு இரண்டு. சேர்ந்து கிடக்கும் விடுப்பைக் கழித்தால் நாளையிலிருந்தே வரவேண்டாம் என்றார் எழுத்தர். முத்திரையைக் கையில் எடுத்தவர் ஒரு நல்லெண்ணத்தில் நிறுத்தினார்.

"வட்டி இன்னும் ஏறும்னு பேசிக்கறாங்களேம்மா. இப்பக் கொடுத்தா உங்களுக்கு நஷ்டமா இருக்காது?"

"இருக்கும்," என்றாள் வளைவக்கா. "குத்துங்க."

வியாழக்கிழமை ஏலத்தில் பத்திரத்தை வாங்க நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வட்டி களைத்துவிட்டது என்று அவள் நினைத்தது சுத்தத் தப்பு, அது மூச்சு வாங்க நின்றிருக்கிறது. அடுத்த வாரமே ஏழு புள்ளி ஐந்தைத் தாண்டியது. அதற்கடுத்த வாரமும் ஏறியது. பத்து நாள் என்று நம்பி அவரை மேலேயே விட்டிருந்தால், அந்தப் பத்து நாள் எங்கே போய் முடிந்திருக்குமோ. அலுவலகத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. மேலாளர் கேட்கும்போதெல்லாம், "தெரியலை சார், இன்னும் ஒரு அடையாளம் வரணும்" என்றாள். தெரியலை என்ற வார்த்தையை அவளுடைய வாயால் கேட்டுப் பழக்கமில்லாத மேலாளர், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வீட்டில் அவர் முட்டி வைத்தியரிடம் போனார். தண்ணீர் குடித்தார். காலையில் பக்கத்துத் தெருவரைக்கும் நடந்துவிட்டு வந்தார். கீழ்வீட்டுக்காரருக்கு அரசாங்கப் பத்திரம் பற்றி மணிக்கணக்காக வகுப்பு எடுத்தார். அலமாரிக் கதவில் ஓய்வு பெற்ற அன்றைய புள்ளியை அவரே வைத்திருந்தார். அதற்கு மேல் அந்தத் தாளில் இரண்டு பேரும் பேனாவைக் கொண்டுபோகவில்லை. இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரைச் சட்டை. வாழ்நாள் முழுவதற்கும், மாதாமாதம் ஒன்றரைச் சட்டை. சில நாள் பேருந்தில் வரும்போது அது நெஞ்சில் முள்ளாகக் குத்தத்தான் செய்தது. அவள் ஒன்றும் மகான் இல்லை.

ஒன்பதாவது வாரம் இரண்டு அடையாளமும் ஒன்றாக வந்தன. வட்டியை இன்னும் ஏற்றுவோம் என்று மத்திய வங்கியின் அறிக்கை மிரட்டலாக வந்தும் வட்டி அசையவில்லை. மறுநாள் ஏலத்தில் பத்திரத்துக்கு அடிதடி. வளைவக்கா சுவருக்கு முன்னால் ஒரு கண்ணை மூடி நின்றாள். திரும்பி வந்து, "வாங்கலாம்" என்று மேலாளரிடம் ஒரே வார்த்தை சொன்னாள். நிதி வாங்கியது. ஏழு புள்ளி எட்டு ஒன்றைத் தொட்ட வட்டி அந்த வாரமே சரியத் தொடங்கி, அடுத்த திங்கட்கிழமைக்குள் ஏழரைக்குக் கீழே வந்துவிட்டது. நாட்டில் வேறு எந்த நிதியும் அந்த நாளைப் பிடிக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் அவள் சொன்னதிலேயே துல்லியமான கணிப்பு அதுதான். மாடியே எழுந்து நின்று கைதட்டியது. பதினோரு மணிக்குப் பெரிய கூட்டம், தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அக்காதான் பேச வேண்டும் என்றார் மேலாளர்.

கூட்டத்துக்கு முன்னால் அவள் நடைவழிக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். இதைக் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்தானே. உச்சி வந்துவிட்டது, இத்தனையாம் தேதி, இவ்வளவு, நாம் இவ்வளவை விட்டோம், ஆனால் நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடத் துடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் போட்டாள். அவருக்கு என்னவோ ஏதோ என்று மூன்றாவது தடவை போட்டபோது போன் எடுக்கப்பட்டது.

"ம்... யாரு?"

அப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடிய மனிதர். விடுமுறை நாளில்கூட அலாரம் இல்லாமல் ஐந்து மணிக்குக் கண் விழித்துவிடுவார். இப்போது பட்டப்பகல் பதினோரு மணிக்கு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாமல், வாயெல்லாம் தூக்கமாகப் பேசுகிறார்.

"நான்தான்," என்றாள்.

"என்ன? எதுவும் அவசரமா?"

தொண்டைவரை வந்திருந்த எண்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. அவற்றை இனி யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"ஒண்ணுமில்லைங்க. தூங்குங்க."

"ம்," என்றார். போனை வைக்கக்கூட மறந்துவிட்டார். அவருடைய மூச்சு மெல்ல மெல்ல சீராகி, லேசான குறட்டை கிளம்பியது. உள்ளே நாற்காலிகள் இழுக்கும் சத்தம் கேட்டது, மேலாளர் கதவருகே வந்து கையை ஆட்டினார். வளைவக்கா ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.